எழுதவில்லை என்றால் நடக்கவில்லை

டெக்கர் டீச்சர் முதல் நாள் வகுப்பில் வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே போய்ப் பலகையில் ஒரு வரி எழுதினாள்: டாக்டர் எழுதவில்லை என்றால் நடக்கவில்லை. எழுதிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “இதை மனசுல வாங்கிக்கிட்டா பாதிப் படிப்பு முடிஞ்சுது. மீதியெல்லாம் வெறும் எண்தான்” என்றாள்.

படிப்புக்குப் பெயர் மருத்துவத் தகவல் தொழில்நுட்பம். பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். டாக்டர் எழுதிவைத்த நோயை எண்ணாக மாற்றி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்புகிற வேலை, அவ்வளவுதான். உலகத்தில் உள்ள அத்தனை உபாதைக்கும் ஒரு எண் உண்டு. வான்கோழி கொத்தினால் ஓர் எண், வாத்து கடித்தால் வேறு எண். ஆனால் நோயாளி எதிரில் நின்று மூச்சுக்குத் தவித்தாலும் சரி, டாக்டர் அதை எழுதாதவரை எங்களுக்கு அவர் சௌக்கியமாக இருக்கிறார். சந்தேகம் வந்தால் டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம். அதற்கும் ஒரு பத்தியம் வைத்திருக்கிறார்கள். “இவருக்கு இந்த நோய் இருக்கிறதா?” என்று கேட்கக் கூடாது. பதிலை நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். “இந்த அளவுகளுக்கு என்ன பொருள் என்று தயவுசெய்து தெளிவுபடுத்த முடியுமா?” என்று பவ்யமாகக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வாயை மூடிக்கொள்வது எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனாலும் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொள்ளாமல் என்ன செய்வது? முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான். இந்த லவோனின் பஸ்ஸில் ஏறாதவர்கள் இந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. போன வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். என் ரூட் போயிற்று. முழங்கால் அதற்கு முன்பே போய்விட்டது. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஐம்பத்தேழு வயதில் என்னை யார் வேலைக்கு எடுப்பார்கள்? ஊர் கிளினிக்கில் கோப்புகள் பிரிவின் மேனேஜரம்மா மட்டும் ஒரு வார்த்தை கொடுத்தாள். “மே மாசக் கடைசிக்குள்ள பட்டத்தோட வா, ஒரு நாற்காலி காலியா வச்சிருக்கேன். ஜூன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்.” அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டுதான் தூங்கினேன், எழுந்தேன்.

நடுவில் வந்து நின்றது ‘தனிநபர் ஆரோக்கியம்’.

அதுவும் கட்டாயப் பாடம். காலையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து முதுகை ஒடிப்பார்கள். மத்தியானம் ஜன்னலே இல்லாத ஓர் அடித்தள அறையில் மறுபடியும் உட்காரவைத்து, “ரொம்ப நேரம் உட்காராதீங்க” என்று பாடம் நடத்துவார்கள். அந்த அறைக்குப் போகிற வழியில்தான் காலேஜின் டோனட் கடை. வைத்தவன் மகா புத்திசாலி.

பாடம் நடத்தியவன் ட்ரென்ட் ஹாகன். முன்னே மல்யுத்த கோச்சாக இருந்தவன், அதனால் ஊருக்கே அவன் ‘கோச்’. நாற்பத்து மூன்று வயதில் வயிறு பலகை மாதிரி இருக்கும். பனி கொட்டினாலும் ஓடுவான். பச்சையாக எதையோ அரைத்துப் புட்டியில் கொண்டுவந்து எங்கள் முன்னால் குடிப்பான். எனக்கு அவனை அவனுடைய எட்டு வயதிலிருந்து தெரியும். ஒரு நாளாவது பஸ்ஸுக்கு நேரத்தில் வந்திருப்பான் என்கிறீர்களா? பன்றிக் கொட்டகைப் பக்கமிருந்து ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருவான். ஒரு ஹாரன் அடித்து, வராவிட்டால் போய்விட வேண்டும் என்பது விதி. அவனுக்கு மட்டும் மூன்று அடிப்பேன்.

அந்த ட்ரென்ட்தான் முதல் வகுப்பில் சட்டம் போட்டான். “ஒவ்வொருத்தரும் உடம்புல ஒரு அளவைத் தேர்ந்தெடுங்க. எடை, இடுப்பு, நாடி, பிரஷர், எதுவானாலும் சரி. கடைசி வாரத்துக்குள்ள அது முன்னேறியிருக்கணும். இல்லைன்னா தேற முடியாது.”

மற்றவர்கள் எடை என்றும் இடுப்பு என்றும் எழுதிக் கொடுத்தார்கள். நான் யோசித்தேன். பிரஷர் என்றால் நடக்க வேண்டாம், குதிக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் கையை நீட்டினால் போதும். பிரஷர் என்று எழுதினேன். என் சோம்பேறித்தனத்துக்குச் செருப்பாலடித்த மாதிரிப் பலன் கிடைத்தது.

வாராவாரம் ஏறியது. உப்பைக் குறைத்தேன், ஏறியது. பெட்ரோல் பங்கில் காலையில் வாங்குகிற முட்டை பீட்சாவை விட்டேன். அந்த வாரம் இன்னும் ஏறியது. அதை விட்ட துக்கமாக இருக்கும். பக்கத்து நாற்காலி மார்லிஸும் பிரஷர்தான் எடுத்திருந்தாள். அவளுக்கு மட்டும் படியிறங்குகிற மாதிரி இறங்கியது. டோனட் தின்றுகொண்டே இறங்கியது.

“ஏண்டி, நீ என்னதான் பண்றே?” என்று கேட்டேன்.

“மாத்திரை” என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டே. “முதல் வாரமே டாக்டர்கிட்ட போயிட்டேன். ‘உனக்கு பிரஷர் இருக்கு’ன்னு எழுதிக் கொடுத்துட்டார்.”

“அப்ப நீ நோயாளி!”

“நோயாளிதான். ஆனா ஆரோக்கியத்துல வகுப்புக்கே முதல் மார்க் நான்தான். நீ ஆரோக்கியமா இருக்கே, ஃபெயிலாகப் போறே.”

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் நான் டாக்டரிடம் போகவில்லை. போனால் எழுதுவார். எழுதினால் நடந்துவிடும். டாக்டர் பக்கமே போகாமல், ஆறு வருஷமாக என் உடம்பில் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டவள் நான்.

இதில் என் வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்காக. ஒவ்வொரு வாரமும் கோச் முதலில் தன் கையில் பிரஷர் மெஷினின் பட்டையைச் சுற்றிக் காட்டுவான். எண் தாறுமாறாக ஏறி நிற்கும். நூற்று எழுபது, நூற்று எண்பது. உடனே மெஷின் தலையில் ஒரு தட்டு தட்டுவான். “இந்த டப்பா சரியில்லப்பா” என்று சிரிப்பான், வகுப்பும் சிரிக்கும். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அடுத்து அதே டப்பாவை என் கையில் சுற்றுவான். நூற்று அறுபது காட்டும். இப்போது மெஷின் நல்ல மெஷின் ஆகிவிடும். “லவோன் அக்கா, மனசு வைக்கணும். ஒழுக்கம் வேணும்” என்பான்.

ஏப்ரலில் ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்டா ட்ரென்ட்” என்றேன். “மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா? உனக்கு ஏறினா மெஷின் கோளாறு, எனக்கு ஏறினா ஒழுக்கக் கோளாறா? ஒண்ணு, ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், மெஷினை வெளியே தூக்கிப் போடு, எனக்கு மார்க்கைப் போடு. இல்லையா, மெஷின் நல்லாயிருக்கு, நாம ரெண்டு பேரும் கெட்டுக் கிடக்கோம். எதுன்னு இப்பவே சொல்லு.”

அவன் முகம் சிவந்தது. ஆனாலும் விளையாட்டுக்காரன், சவாலென்றால் விட மாட்டான். “சரி அக்கா. அடுத்த வாரம் நர்ஸிங் பிரிவிலேர்ந்து புது மெஷின் கொண்டுவரேன். இது பழுதுன்னு ஆச்சுன்னா உங்களுக்கு முழு மார்க்கு” என்றான்.

அந்த வாரம் முழுக்க நான் மெஷின் பழுதாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கும்பிட்டேன். சர்ச்சில் பக்கத்து பெஞ்சுக்காரி, “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்டாள். “ஒரு மெஷினுக்கு” என்றேன்.

புது மெஷின் வந்தது. முதலில் என் கையில் சுற்றினான். பழைய டப்பா காட்டிய அதே எண்ணைக் காட்டியது. என் நாற்காலி என் கண் முன்னாலேயே ஆவியாகப் போனது. அடுத்து அவன் கை. நூற்று எண்பத்து நான்கு. யாரும் சிரிக்கவில்லை. அவன் தட்டப் போனான். கை பாதியில் நின்றது. புது மெஷினைத் தட்ட முடியாதே.

“இன்னிக்கு இத்தோட போதும்” என்று வகுப்பைக் கலைத்துவிட்டான்.

எல்லாரும் போன பிறகும் பட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். எனக்குத் திட்ட ஆசை. மார்க்குப் போனாலும் வாதத்தில் வென்றது நான்தானே. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் ஷூவைக் கையில் பிடித்த பையன்தான் தெரிந்தான். படித்த படிப்பு கைகொடுத்தது.

“கோச், இந்த அளவுகளுக்கு என்ன பொருள்னு தயவுசெஞ்சு தெளிவுபடுத்த முடியுமா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “எங்கப்பாவுக்கு ஒரு நோயும் கிடையாது அக்கா. டாக்டர் வாசலை மிதிச்சதே இல்ல. ஊர்ல கேளுங்க, ‘ஹாகன் எருது மாதிரி இருந்தாரு’ம்பாங்க. நாப்பத்து நாலுல கொட்டகையில விழுந்து போய்ச் சேர்ந்துட்டாரு. எனக்கு இந்த இலையுதிர் காலம் வந்தா நாப்பத்து நாலு.”

எனக்கு அந்தக் காலை ஞாபகம் இருக்கிறது. அறுவடைக் காலம். அவனுக்குப் பதினாறு. நான் அவர்கள் வீட்டு முன்னால் நிறுத்தி ஒன்று அடித்தேன், இரண்டு அடித்தேன், மூன்று அடித்தேன். யாரும் ஓடி வரவில்லை. எரிச்சலோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனேன். சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது.

“அதனாலதான் ஓடறியா?” என்றேன்.

“ஓடறேன், புல்லை அரைச்சுக் குடிக்கிறேன், ஊருக்கெல்லாம் பாடம் சொல்றேன். டாக்டர்கிட்ட மட்டும் போக மாட்டேன். அவர் எழுதிட்டார்னா?”

என் பலகை வரியை இவன் எங்கே படித்தான்! எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன் மேலா என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. “கிளம்பு. ரெண்டு பேரும் போறோம். நான் எனக்குக் காட்டறேன், நீ உனக்குக் காட்டு” என்றேன்.

கிளினிக் காத்திருப்பு அறையில் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து டிராக்டர் பத்திரிகையைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தான். “ஹாகன்” என்று நர்ஸ் கூப்பிட்டாள். அசையவில்லை.

“ஏறுடா. உனக்காக வண்டி நிக்காது” என்றேன்.

எழுந்து போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். முகமெல்லாம் பல். “ஒண்ணும் எழுதலை அக்கா! பெரிய டாக்டர்தான் பார்த்தாரு. ஒண்ணுமே எழுதலை!” என்று சொல்லிவிட்டு நேரே பெட்ரோல் பங்க் பீட்சா சாப்பிடப் போய்விட்டான். டாக்டரே எழுதவில்லை என்ற பிறகு நான் யார் பேச? எனக்குள் ஒன்று உறுத்தியது. ஆனால் ஒன்றரை வருஷம் படித்த படிப்பு அதன் வாயை அடைத்துவிட்டது.

எனக்கு வேறு டாக்டரம்மா. பார்த்தாள், எழுதினாள், ஆறு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். மாத்திரை கொடுத்தாள். மே மாசக் கடைசி அளவெடுப்பில் என் பிரஷர் ஆட்டுக்குட்டி மாதிரி இறங்கி நின்றது. “இது மாத்திரையோட மார்க்கு அக்கா, உங்களோடது இல்ல” என்று முனகினான் கோச். “மாத்திரையை முழுங்கினது யாரு, உன் பாட்டனா?” என்றேன். தேறிவிட்டேன் என்று போட்டான். நோயாளி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆரோக்கியத்தில் தேறினேன். கடைசி நாள் விருந்தில் ஆரோக்கிய வகுப்பு மொத்தமும் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கையும் சாக்லெட் துண்டுகளையும் ஒரு கை பார்த்தது. கோச் இரண்டாவது தட்டு வாங்கினான்.

ஜூன் முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்தேன். மார்லிஸுக்கும் அங்கேயே வேலை கிடைத்திருந்தது, பக்கத்து நாற்காலி. மூன்று மாசம் தற்காலிகம், பிறகுதான் நிரந்தரம். ஆளில்லாமல் தேங்கிக் கிடந்த பழைய கோப்புகளையெல்லாம் எங்கள் தலையில் கட்டினார்கள்.

நான்காம் நாள் ஒரு கோப்பு வந்தது. நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது, சட்டம். முன்னாள் மல்யுத்த கோச் என்றுகூடச் சொல்லக் கூடாது, ஆகவே சொல்லவில்லை. சொந்தக்காரர் கோப்பைத் தொடக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. பஸ்ஸில் ஏற்றியவனெல்லாம் சொந்தக்காரன் என்றால் இந்த ஊரில் எனக்கு வேலையே இருக்காது. திறந்தேன்.

இரண்டு முறை அளவெடுத்திருந்தார்கள். இரண்டும் வானத்தில் இருந்தன. கீழே பெரிய டாக்டர் எழுதியிருந்தார்: தினமும் ஓடுபவர். காலேஜ் கருவி பழுது என்கிறார். பதற்றம். பிறகு பார்க்கலாம். அவ்வளவுதான். காய்ச்சல்காரர்கள் வரிசைகட்டி நின்ற நாள், மனிதரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நோய் என்று ஒரு சொல் இல்லை. மறுபடி வரச் சொல்லி ஒரு தேதியும் இல்லை. பாவி, டாக்டரிடம் போயும் மெஷினைத் தட்டிவிட்டு வந்திருக்கிறான்!

விதிப்படி ‘பதற்றம்’ என்று எண் போட்டு மூடியிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். விளக்கம் கேட்கும் பக்கத்தைத் திறந்து, “ஐயா, இவருடைய அப்பா” என்று ஆரம்பித்தேன். அழித்தேன். அப்பா கோப்பில் இல்லை. கோப்பில் இல்லாதது நடக்கவில்லை. “இந்த அளவுகளுக்கு என்ன பொருள் என்று தயவுசெய்து தெளிவுபடுத்த முடியுமா?” என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

பதில் இல்லை. மறுநாள் மறுபடி அனுப்பினேன். மேனேஜரம்மா என் மேஜைக்கு வந்துவிட்டாள்.

“லவோன், பெரிய டாக்டர் சிடுசிடுங்கறார். புதுசா வந்தவ ஒரே கோப்புக்கு ரெண்டு தடவை விளக்கம் கேக்கறாளாம். ‘பதற்றம்’னு எழுதியிருக்காரே, போட்டுட்டு அடுத்ததைப் பாரேன். நாற்காலி இன்னும் சூடாகவே இல்ல, அதுக்குள்ள எந்திரிக்கணுமா?”

“இல்லம்மா” என்றேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. மாத்திரை போட்டும் அடித்தது. ஒன்றரை வருஷம் கனவில் கண்ட நாற்காலி. முழங்கால் வலிக்காத நாற்காலி. விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அவள் அறைக்குள் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை அனுப்பினேன்.

“உனக்குப் பைத்தியமாடி?” என்றாள் மார்லிஸ். நான் பதில் சொல்லவில்லை. வாயை மூடிக்கொள்ளத்தான் கற்றுக்கொண்டாயிற்றே.

மறுநாள் மத்தியானம் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. ‘உயர் ரத்த அழுத்தம். அவரை உடனே வரச் சொல்லவும்.’ அந்த நோயின் எண் எங்கள் படிப்பில் எல்லோருக்கும் முதலில் மனப்பாடமாகிற எண். அதை அடித்தேன். மேனேஜரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “சரி, அடுத்ததைப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் அறைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ட்ரென்ட் வந்து நின்றான். கையில் மருந்துக்கடைப் பை. முகம் இளைத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. நான் கதவைப் பாதி திறந்தேன்.

“எதையும் கேக்காதே. எனக்கு எதுவும் தெரியாது. சட்டம்” என்றேன்.

“நான் எதையும் கேக்க வரல அக்கா. இதயச் சுவர் ரொம்பத் தடிச்சிருக்காம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அப்பா மாதிரிதான்னு சொன்னாங்க. கிளினிக்லேர்ந்து போன் வந்தப்ப எடுக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். விடாம அடிச்சுது. யாரோ வாசல்ல வண்டியை நிறுத்திட்டு ஹாரன் அடிக்கிற மாதிரியே இருந்துச்சு.” பையைக் கை மாற்றிக்கொண்டான். “அதான் ஓடி வந்துட்டேன்.”

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் மேஜையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதேன் என்று மார்லிஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் பேச்சை நம்பாதீர்கள். எங்கேயாவது எழுதியிருக்கிறதா? இல்லையே. அப்படியென்றால் நடக்கவில்லை.